பவுன்தாய் கடை வளைவு

சுருளிவேல் தன் பிக்கப் வண்டியைத் தூக்கிவைத்துப் பெரிய டயர் மாட்டிய வாரத்தில், வடக்கூத்திலிருந்து தொப்பிமலைக்கு ஏறும் மண்சாலையில் கழுதைத் திருப்பம் என்ற வளைவு இல்லாமல் போனது.

அது இடிந்து விழவில்லை. மழையும் அடித்துக்கொண்டு போகவில்லை. வளைவுக்குக் கீழே இருந்த மொட்டைப்பாறையும் மேலே இருந்த பலாமரமும், நடுவில் உட்கார்ந்திருந்தவர் இறங்கிப் போனதும் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும் பஸ் பயணிகளைப் போல, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஓரத்துப் புல் தையல் தெரியாமல் சேர்ந்திருந்தது. அதை முதலில் கவனித்தவள் வெள்ளத்தாயி. ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற பெண்களில் எப்போதும் பின்கதவோரம் உட்காருகிறவள் அவள். வடக்கூத்தில் ஏறும்போது வாயில் போடும் வெற்றிலையைக் கழுதைத் திருப்பத்தில் துப்புவது அவள் வழக்கம். அன்றைக்கு வெற்றிலை இன்னும் சாறு விட்டுக்கொண்டிருக்கும்போதே பலாமரம் வந்துவிட்டது.

"ஏப்பா சுருளி, திருப்பத்த எங்க வச்ச?" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

"நான் என்னத்த வச்சேன்? ரோடு திரும்புனாத் திரும்புவேன். நேராப் போனா நேராப் போவேன்."

அந்தப் பதிலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் வெள்ளத்தாயி தொப்பிமலை வரும்வரை அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது.

டயர் மாட்டியதற்குக் காரணம் இருந்தது. ஐப்பசி மழையில் அந்தச் சாலையின் சேறு வண்டியின் அச்சுவரைக்கும் ஏறும். பாதி மலையில் வண்டி நின்றுவிட, பெண்கள் இறங்கிப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள். அதனால் சுருளிவேல் வண்டியை டவுனில் ஜக்கையன் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஜக்கையன் பாரம் தாங்கும் பிளேட் கட்டில் கூடுதல் பிளேட்டுகள் சேர்த்து, அச்சுக்கும் கட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, வண்டியை இடுப்புயரம் தூக்கி, அதன் கீழே மலைத்தோட்டத்து டிராக்டருக்குக்கூட இல்லாத பருமனில் டயர்களை மாட்டி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்பினார். வண்டி, தண்ணீரில் நிற்கும் கொக்கு மாதிரி நின்றது. பெண்கள் ஏறுவதற்குத் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போடவேண்டியிருந்தது. சேறு அதை ஒன்றும் செய்யவில்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்டும் முன் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசியது. கர்ர்ர் என்று ஒரு சத்தம், அதோடு கொஞ்சம் கறுப்புத் தூள்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. டயர் எதிலாவது உரசினால் டயரைக் குறை சொல்லமாட்டார்கள். டயர் ஆசைப்பட்டு வாங்கியது, தகரம் வண்டியோடு வந்தது. ஆகவே உரசுகிறதை விட்டுவிட்டு உரசப்படுகிறதை வெட்டுவார்கள். ஜக்கையனும் அப்படியே மட்கார்டின் உள்ளே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றி மூலையில் எறிந்தார். உரசல் நின்றது. மறுநாள் வழுக்குப்பாலமும் அதன் அடியில் ஓடிய ஓடையும் இல்லை. அதற்கு மறுநாள் உரசல் திரும்பி வந்தது, ஏனென்றால் டயர் ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. ஜக்கையன் பம்பரின் மூலையைக் கட்டிங் மிஷினால் அறுத்தார். உரசல் நின்றது. புளியமரத்து இறக்கம் இல்லாமல் போனது. மறுபடி உரசல் வந்தது. ஜக்கையன் மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடக்கினார், இன்னொரு பிளேட் சேர்த்தார், பட்டறையில் வெட்டிய தகரம் குவிந்தது. மலையில் சாலை குறைந்தது.

ஒரு தடவை காற்று சரிபார்க்க டயரின் வால்வை அழுத்திய ஜக்கையன் சட்டென்று கையை எடுத்தார்.

"என்ன காத்துடா புடிச்ச?"

"நீங்க புடிச்ச காத்துதாண்ணே."

"என் கம்ப்ரஸர்ல காப்பிப்பூ வாசம் வராதுடா."

மறுபடி அழுத்தினார். புஸ்ஸென்று வந்த காற்றோடு ஓடைத் தண்ணீர் கல்லில் விழும் சத்தமும் வந்தது. பட்டறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காதை வைத்துக் கேட்டார்கள். அது வழுக்குப்பாலத்து ஓடைதான் என்று மலையிலிருந்து வந்திருந்த ஒருவர் உறுதியாகச் சொன்னார். பாய் சுருட்டுகிற மாதிரி டயர் சாலையைச் சுருட்டித் தன்மேல் வைத்துக்கொள்கிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை. எப்படி என்றுகூட யாரும் கேட்கவில்லை. இதில் யாருக்கு லாபம் என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியோடு ஊர் மாறிப்போனது. தொப்பிமலைக்காரர்கள் வடக்கூத்துக்காரர்களைச் சந்தேகித்தார்கள். கீழே இருப்பவர்கள் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள் என்றார்கள். வடக்கூத்துக்காரர்கள், மலைக்குளிர் முன்னைவிடக் கிட்டே வந்துவிட்டதாகச் சொல்லிக் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலே முறைத்தார்கள். ஓடையின் இரண்டு பக்கமும் மிளகுக்கொடி வைத்திருந்த இரண்டு பேரின் வேலிகள் இப்போது ஒட்டிக்கொண்டு நிற்க, இருவரும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடுத்தவரின் வேலியை ஆட்டிப் பார்த்தார்கள். காணாமல் போன இறக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாடும் சேர்ந்து போயிருந்தது. வண்டி வேகமெடுக்கும்போது அது டயருக்குள்ளிருந்து கத்துவதை அதன் சொந்தக்காரர் கேட்டுவிட்டு, தீனி போடாமல் எப்படி உயிரோடு இருக்கிறது, யார் போடுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். அடுத்த ஊர் ஜீப் டிரைவர்கள் வண்டி நிற்கும்போதெல்லாம் சுற்றிவந்து டயரை மோந்து பார்த்தார்கள். சில பேர் அதற்குத் திருநீறு பூசினார்கள். பூசியவர்கள் எதற்குப் பூசினார்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நல்லதும் நடந்தது. சன்னாசியைப் பாம்பு கடித்தபோது, முன்பெல்லாம் பாதி வழியிலேயே ஆள் முடிந்துபோகிற தூரத்தை வண்டி விறுவிறுவென்று இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டது. சன்னாசி பிழைத்து வந்து டயரைத் தொட்டுக் கும்பிட்டார். அதற்குப் பிறகு சாலை சிறுப்பதை யாரும் வெளிப்படையாகத் தப்பென்று சொல்லவில்லை. தோட்டத்துக் கங்காணி முத்திருளப்பனுக்கும் அது பிடித்திருந்தது. "சீக்கிரம் வந்துட்டீங்கல்ல, சீக்கிரம் கையப் போடுங்க" என்று அவர் பெண்களை வண்டியிலிருந்து இறங்கியதும் செடிக்குள் அனுப்பினார். சாயங்காலம் விடுகிற நேரம் மட்டும் மாறவில்லை.

பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அந்த வண்டியில்தான் தலை சீவினார்கள், அதில்தான் டிபன் பாக்ஸைத் திறந்து ஆறிய இட்லியைத் தின்றார்கள், அதில்தான் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வீட்டு அடுப்புக்கும் தோட்டத்துச் செடிக்கும் நடுவில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் அந்தச் சாலை மட்டும்தான். இப்போது ஒரு பக்கம் பின்னி முடிப்பதற்குள் தோட்டம் வந்துவிடுவதால், பாதித் தலையோடு இறங்கினார்கள்.

சாலையில் மிச்சமிருந்த வளைவுகளில் ஆள் குடியிருந்தது ஒன்றே ஒன்று. அது எல்லாவற்றிலும் இறுக்கமான வளைவு. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால்தான் வண்டி திரும்பும். அங்கே பவுன்தாய் டீக்கடை வைத்திருந்தாள். போர்வெல் லாரியோடு வடக்கே போன புருஷன் திரும்பாததிலிருந்து, தகரக் கூரை போட்ட கடையும் பின்னால் ஓர் அறையும் சில கோழிகளும்தான் அவளுக்கு. பலாமரத்தருகே ஹாரன் கேட்டால் பாலை அடுப்பில் வைப்பாள். வண்டி வந்து நிற்கும்போது பால் பொங்கி நிற்கும். வளைவுகள் போகப் போக, பால் சூடேறுவதற்குள் வண்டி வந்தது. "பவுனு இப்பல்லாம் பாலக் காய்ச்சாமலே ஊத்துறா" என்று வெள்ளத்தாயி எல்லோர் முன்பும் சொன்னாள்.

பவுன்தாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வண்டி தன் வளைவில் பலமாக உரசுகிற நாளில் கறுப்புத் தூள் நிறைய உதிர்கிறது. மறுநாள் காலையில் அந்தத் தூள் தூளாக இல்லை. சரளையாகி இருக்கிறது. சாலையின் விளிம்பு முழங்கை நீளம் கூடியிருக்கிறது, அதில் சின்னதாக ஒரு பெரணி முளைத்திருக்கிறது. டயர் தின்றதை உரசல் திருப்பிக் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் அவள் தினமும் தூளைக் கூட்டி ஓரமாகச் சேர்த்து, தண்ணீர் தெளித்துவைத்தாள்.

"ரோட்டுக்குத் தண்ணி ஊத்துறா பாரு" என்றாள் வெள்ளத்தாயி வண்டியிலிருந்து. "எதையோ புதைச்சு வச்சிருக்கா. இல்லாட்டி ஒருத்தி ரோட்டுக்கு எதுக்குத் தண்ணி ஊத்துறா?"

அன்றிலிருந்து ஊரின் சந்தேகம் எல்லாம் பவுன்தாய்மேல் வந்து சேர்ந்தது. அவள் தூளைக் குடத்தில் அடைத்து வைத்திருக்கிறாள் என்றார்கள். மலையில் யாருக்கும் தெரியாமல் நிலம் வளர்க்கிறாள் என்றார்கள். அவளும் யாரையும் நம்பவில்லை. கடையை விட்டுக் கீழே இறங்கினால் திரும்பி ஏறும்போது கடை இருக்குமா என்ற பயத்தில் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பாலும் சர்க்கரையும் சுருளிவேல்தான் கொண்டுவந்து போட்டான். அதையும் அவள் வாங்கி, பையைப் பிரித்து, விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தாள்.

ஒருநாள் காலையில் வண்டி தொப்பிமலையில் பெண்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இறங்கும்போது அவள் அவனை நிறுத்தினாள்.

"சுருளி, உரசுனா உரசிட்டுப் போகட்டும்ப்பா. விட்டுரு."

"எப்படிக்கா விடுறது? சத்தம் கேட்டா எனக்குப் பல்லு கூசுது. டயர் வேற தேயுது."

"தேயட்டும். அது தேஞ்சாத்தான் எனக்கு ரோடு."

அவன் தலையைச் சொறிந்தான். "எல்லா எடத்துலயும் உரசல் நின்னுருச்சு. இந்த ஒரு வளைவுலதான் இருக்கு. கேபினுக்கு அடியில இருக்குற தகர மடிப்ப வெட்டி உள்ள தட்டிவிட்டா அதுவும் நின்னுரும்னு ஜக்கையண்ணன் சொல்றாரு. ஊரும் அதத்தான் கேக்குது. சன்னாசி பொழச்சது எதுனாலக்கா? ரோடு சின்னதானதுனாலதான?"

"பொழைக்கட்டும், நல்லா இருக்கட்டும். பாதி ரோட்டத் தின்னுட்டுல்ல அவரப் பொழைக்க வச்ச? மிச்சத்தையும் எதுக்குத் திங்கணும்?"

"நீங்க கீழ வந்துருங்கக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை போட்டீங்கன்னா கூட்டம் அள்ளும்."

"அங்க வளைவு இருக்கா?"

"வளைவு எதுக்கு?"

"வளைவுலதானப்பா வண்டி நிதானிக்கும். நிதானிச்சவன்தான் டீ குடிப்பான். நேர் ரோட்டுல எவன் நிப்பான்?"

சுருளிவேல் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான். நேராகப் பட்டறைக்குத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜக்கையன் அடிமடிப்பை வெட்டினார்; சுத்தியலால் தட்டி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் முழுக்கையை விட்டு ஆட்டிக் காட்டி, "இனி யானைக்கால வச்சாலும் உரசாதுடா" என்றார். அந்தச் செய்தி வண்டிக்கு முன்னால் ஊருக்கு வந்து, ஊருக்கு முன்னால் மலைக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் வண்டி ஏறும்போது கடை இருக்கும், இறங்கும்போது இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்; தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யார் முதலில் சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

எங்கள் மலை வண்டிகளில் உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு. கனத்த பெண்கள் மலைப்பக்கம், ஒல்லியானவர்கள் பள்ளத்துப் பக்கம். வண்டி எப்போதும் மலைமேல் சாய்ந்துகொண்டே ஏறவேண்டும். பள்ளத்துப் பக்கம் பாரம் போனால் வண்டியும் அந்தப் பக்கமே போய்விடும் என்று ஒவ்வொருத்தியும் முதல்நாளே கற்றுக்கொள்வாள். வருஷக்கணக்கில் அவரவர் இடம் அவரவர் உடம்புக்குப் பழகியிருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

வளைவு வந்தது. சுருளிவேல் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தான். சத்தம் இல்லை. அப்படி ஒரு சத்தமில்லாத திருப்பத்தை அந்த வண்டியில் யாரும் கேட்டதில்லை. டயருக்கு முன்னால் சாலையின் விளிம்பு மெல்ல எழும்பியது. அதிகாலையில் பாயைச் சுருட்ட முதல் மடிப்பு மடிக்கிற மாதிரி. கடையின் முன்பக்க மூங்கில்கால் டயரைப் பார்த்துச் சாய்ந்தது. பெஞ்ச் தானாக நகர்ந்தது. கோழிகள் எதிர்ப்பக்கம் நடந்தன, நடந்தும் நின்ற இடத்திலேயே நின்றன.

பவுன்தாய் எதையும் மூட்டை கட்டியிருக்கவில்லை. கத்தவும் இல்லை. கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்துகொண்டிருந்த சாலைக்கு எதிராக நடந்துவந்து, பள்ளத்துப் பக்கம் வண்டியின் கம்பியைப் பிடித்து ஏறித் தொங்கினாள். வண்டி லேசாக அசைந்தது. டயர் உரசவில்லை. அவள் அவ்வளவு கனமில்லை.

அவள் முகம் வெள்ளத்தாயியின் முகத்துக்கு நேராக இருந்தது.

"என்னடி பண்ற?" என்றாள் வெள்ளத்தாயி.

"எல்லாரும் இங்கிட்டு வந்து உக்காருங்க."

"பள்ளத்துப் பக்கமா? கொல்லப் பாக்குறியா எங்கள?"

"கனம் பத்தல" என்றாள் பவுன்தாய். "அம்புட்டுதான்."

வெள்ளத்தாயி அவளை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். தொப்பிமலை முன்பு மேகத்துக்குள் எங்கோ இருந்தது. இப்போது முத்திருளப்பனின் சிவப்புக் குல்லாய்கூடத் தெரியும் தூரத்தில் நின்றது, இந்த வளைவும் போனால் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் ஒருத்தி பாதி பின்னிய சடையை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்கடி" என்றாள் வெள்ளத்தாயி. "பூராப் பேரும் இங்கிட்டுத் தள்ளுங்க."

தள்ளினார்கள். கனத்தவர்கள் முதலில், டிபன் பாக்ஸ்களோடும் காய்க்கூடைகளோடும், ஒருத்தி மடியில் ஒருத்தியாக. வண்டி பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. காலுக்குக் கீழே மரங்களின் உச்சிகள் தெரிந்தன, ஒரு பருந்து அவர்களுக்குக் கீழே பறந்தது, யாரோ குலசாமியைக் கூப்பிட்டார்கள். பிளேட் கட்டு முனகிக்கொண்டு இறங்கியது. இறங்கி, இறங்கி, வெட்டிய தகரத்தின் விளிம்பு டயரைத் தொட்டது.

கர்ர்ர் என்று மலை முழுக்கக் கேட்டது. தூள், புதுமழை மாதிரி கொட்டியது. எழும்பிய சாலை படுத்தது. மூங்கில்கால் நிமிர்ந்தது. கோழிகள் திடீரென்று நகர முடிந்ததில் தடுமாறி ஓடின.

சுருளிவேல் பிரேக் போட்டு இறங்கி வந்தபோது பெண்கள் அவரவர் இடத்தில், கனத்தவர்கள் மலைப்பக்கமும் ஒல்லியானவர்கள் பள்ளத்துப் பக்கமுமாக, இருந்தார்கள். பவுன்தாய் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்தப் பக்கம் போனது?"

"எந்தப் பக்கம்?" என்றாள் வெள்ளத்தாயி.

"வண்டி சாஞ்சுச்சே!"

"வண்டி உன்னோடது. சாஞ்சா நாங்கதான உன்னக் கேக்கணும்?"

அவன் குனிந்து டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். முழுக்கையும் உள்ளே போனது. கையை எடுத்துவிட்டு ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தான். பிறகு கடையைப் பார்த்தான். பிறகு டவுன் இருக்கும் திசையைப் பார்த்தான்.

மறுநாளும் அந்த வளைவில் உரசியது, அதற்கு மறுநாளும். ஜக்கையன் ஏமாற்றுகிறார் என்று சுருளிவேல் நினைத்தான். சுருளிவேல் கண்ட இடத்தில் பாரம் ஏற்றுகிறான் என்று ஜக்கையன் நினைத்தார். ஒருநாள் அவரே வந்து முன்சீட்டில் உட்கார்ந்து மலையேறினார். அன்றைக்குப் பெண்கள் அசையவில்லை, அன்றைக்கு ஒரு முழம் சாலையும் போனது. மறுநாள் மறுபடி உரசல். கடைசியில் ஜக்கையன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, கட்டிங் மிஷினின் வயரைச் சுருட்டினார்.

"இதுக்கு மேல வெட்டுறதுக்கு ஒண்ணுமில்லடா. வெட்டுனா டயர் மட்டும் தனியா ஓடும்."

அதனால் உரசல் உரசலாகவே இருந்தது. சாலை வளர்ந்தது, ஆனால் போன வரிசையில் திரும்பி வரவில்லை. ஓடை முதலில் வந்து, பாலம் பிந்தி வந்தது. வெள்ளாடு குட்டியோடு வந்தது. குட்டி யாருடையது என்று சண்டை நடக்கிறது. முத்திருளப்பன் வண்டி ஏன் தாமதம் என்று கேட்கிறார். யாரும் சொல்வதில்லை. சொல்ல யாருக்கும் முழுசாகத் தெரியாது என்பதுபோல எல்லோரும் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் காலையில் வெள்ளத்தாயி இறங்கிவந்து டீ கேட்டாள். கிளாஸை வாங்கி, மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.

"இந்தா பாரு பவுனு, உன்ன நம்பி ஒண்ணும் நாங்க நகரல."

"தெரியும்."

"அந்தத் தூள நீ என்ன பண்றன்னு எனக்கு இன்னும் சந்தேகந்தான்."

"நீங்க எதுக்கு நகந்தீங்கன்னு எனக்குந்தான்."

வெள்ளத்தாயி டீயை ஊதினாள். சாலையில் நின்றபடியே, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் குடித்தாள். குடித்து முடித்துக் கிளாஸை நீட்டினாள். டீ வாங்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பவுன்தாய்க்கு இப்போது கை எட்டவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே, ஈரம் காயாத சாலை கொஞ்சம் புதிதாகக் கிடந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளத்தாயி கால் பெருவிரலால் அந்த மண்ணை அழுத்திப் பார்த்தாள். தாங்கும் என்று தெரிந்த பிறகே காலை எடுத்து வைத்தாள்.